நடுவயதில் தளரும் உடல்: நலவாழ்வு ஆய்வுகள் சாதியைக் கேட்கின்றனவா?

திருத்தணி மலைக்கோயிலுக்கு 365 படிகள். ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்பது மரபு. ஆடிக் கிருத்திகையின்போதும், டிசம்பர் 31 இரவு நடைபெறும் படித் திருவிழாவின்போதும் அப்படிகளில் பெருங்கூட்டம் ஏறுகிறது. மறுநாள் காலை அப்படிகளையும் அடிவாரச் சாலைகளையும் கழிப்பிடங்களையும் கூட்டிக் கழுவும் கைகள் பெரும்பாலும் எந்தத் தெருவிலிருந்து வருகின்றன என்பதை இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதே தெருக்களிலிருந்துதான் செங்கல் சூளைக்கும், விசைத்தறிக் கூடத்திற்கும், விடியற்காலைப் புறநகர் ரயிலில் சென்னையின் கட்டட வேலைகளுக்கும் ஆட்கள் போகிறார்கள். இருபத்தைந்து வயதில் இந்த உழைப்பை உடல் தாங்கிக்கொள்கிறது. நாற்பத்தைந்தைக் கடந்தபின் முழங்கால் வலி, இரத்த அழுத்தம், சர்க்கரை, உறக்கமின்மை என ஒவ்வொன்றாக வெளிப்படுகின்றன.

இதற்குக் கடும் உழைப்பும் குறைந்த உணவும் மருத்துவ வசதிக் குறைவும் காரணங்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவற்றுக்கு அப்பால் ஒரு கேள்வி எஞ்சுகிறது. ஒரு மனிதர் நாள்தோறும் எவ்வாறு நடத்தப்படுகிறார், தம் வாழ்வின் மீது அவருக்கு எவ்வளவு பிடி இருக்கிறது, நாளை என்பதை அவர் எவ்வாறு எண்ணிப் பார்க்கிறார் ஆகியவையும் அவருடைய இரத்தக் குழாய்களையும் நோய் எதிர்ப்பு ஆற்றலையும் தொடுகின்றனவா? கடந்த முப்பது ஆண்டுகளில் இக்கேள்விக்கு ஆம் என்ற விடையை அறிவியல் மெல்ல மெல்லச் சேர்த்து வைத்திருக்கிறது. அந்த விடையை நாம் எவ்வாறு வாசிப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள். ஏனெனில் தவறாக வாசித்தால் அது நமக்கு எதிராகவே திரும்பக்கூடியது.

நடுவயதைப் பின்தொடர்ந்த ஆய்வு

குழந்தைப் பருவத்தையும் முதுமையையும் ஆராய்ந்தவர்கள் ஏராளம். இடையிலுள்ள நீண்ட காலத்தை, அதாவது உழைத்து, பிள்ளைகளை வளர்த்து, பெற்றோரைப் பராமரித்து, கடனை அடைக்கும் காலத்தை, முழுமையாக ஆராய்ந்தவர்கள் குறைவு. அந்தக் குறையை நிரப்ப அமெரிக்காவில் மக்ஆர்தர் அறக்கட்டளையின் ஆதரவில் 1995-ஐ ஒட்டி ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது. 'மிடஸ்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் அவ்வாய்வில் 25 முதல் 74 வயது வரையிலான 7,000-க்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டனர். ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை அவர்களிடமே மீண்டும் சென்று கேட்டார்கள். இரண்டாம் சுற்றிலிருந்து கேள்வித்தாளோடு நிறுத்தாமல் இரத்தம், உமிழ்நீர், சிறுநீர் மாதிரிகளையும் சேகரித்தார்கள். மில்வாக்கி நகரிலிருந்து ஏறத்தாழ 600 கறுப்பின மக்களைத் தனியே சேர்த்ததும் அச்சுற்றில்தான். வெள்ளையர் பெரும்பான்மையாக உள்ள மாதிரியை வைத்துக்கொண்டு இனப் பாகுபாட்டைப் பற்றி எதுவும் சொல்லிவிட முடியாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். நம் நாட்டு ஆய்வாளர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

இவ்வாய்வை நீண்ட காலம் வழிநடத்தியவர் விஸ்கான்சின் பல்கலைக்கழக உளவியலாளர் கரோல் ரிஃப். மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா என்று கேட்பது மட்டும் போதாது என்பது அவருடைய நிலைப்பாடு. 1989-இல் அவர் முன்வைத்த வரையறையில் உளநலத்திற்கு ஆறு கூறுகள் உண்டு: தன்னைத் தானே ஏற்றுக்கொள்ளுதல், பிறரோடு நல்லுறவு, தன்னாட்சி, சூழலைக் கையாளும் திறன், வாழ்வில் நோக்கம், தொடர்ந்து வளர்கிறோம் என்னும் உணர்வு. இவற்றில் உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்களுடைய உடல்நலம் சிறந்திருப்பதை மிடஸ் தரவுகள் திரும்பத் திரும்பக் காட்டின. வாழ்வில் நோக்கம் உடையவர்கள் அடுத்த 14 ஆண்டுகளில் இறக்கும் வாய்ப்பு குறைவு என 2014-இல் வெளியான ஒரு கட்டுரை கூறியது. குறைந்த கல்வி பெற்றவர்களின் இரத்தத்தில் அழற்சியைக் குறிக்கும் புரதம் பொதுவாக அதிகம். ஆனால் அவர்களிலும் உளநலம் மிக்கோரிடம் அது குறைந்திருந்தது என்று மற்றொரு கட்டுரை கூறியது.

இங்கேதான் முதல் தவறான வாசிப்பு நுழைகிறது. 'நேர்மறையாகச் சிந்தியுங்கள், நோக்கத்தோடு வாழுங்கள், நோய் வராது' என்று மேடைப் பேச்சாளர்களும் காணொளிச் சாமியார்களும் சொல்வதற்கு இத்தரவுகள் சான்றாகக் காட்டப்படுகின்றன. அந்த ஆறு கூறுகளையும் மீண்டும் பாருங்கள். கங்காணியிடம் முன்பணம் வாங்கிச் சூளையில் குடும்பத்தோடு அடைபட்டிருப்பவருக்குத் தன்னாட்சி எங்கிருந்து வரும்? சூழலைக் கையாளும் திறன் என்பது வீட்டுமனைப் பட்டா, குடிநீர்க் குழாய், சுடுகாட்டுக்குப் பாதை, ஊர்த் தெருவில் தடையின்றி நடக்கும் உரிமை ஆகியவற்றால் ஆனது. நிலமற்றோருக்கு நிலம் வேண்டும் என்று செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கையும், அதன் தொடர்ச்சியாக 1892-இல் வந்த பஞ்சமி நில ஆணையும் இந்தக் கூறைப் பற்றியவையே என்று சொன்னால் அது மிகையாகாது. உளவியல் அதற்குப் பெயரிடுவதற்கு நூறாண்டு முன்னரே சேரி மக்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆக, உளநலம் உடலைக் காக்கிறது என்பது உண்மை. அந்த உளநலத்திற்கு வேண்டிய நிலைமைகள் சமமாகப் பகிரப்படவில்லை என்பதும் அதே அளவு உண்மை. முதலாவதை மட்டும் சொல்லி இரண்டாவதை விட்டுவிடும் எவரும் நோயாளியையே குற்றவாளியாக்குகிறார்.

அவமதிப்பு எவ்வாறு நோயாகிறது

இதன் உடலியல் ஓரளவு தெளிவாகவே அறியப்பட்டுள்ளது. அச்சுறுத்தலை உணரும்போது மூளை சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகளை முடுக்குகிறது. அட்ரினலினும் கார்ட்டிசாலும் சுரக்கின்றன. இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் இரத்தச் சர்க்கரையும் உயர்கின்றன. பாம்பைக் கண்டு ஓட இது உதவும். பாம்பு போனதும் எல்லாம் தணிந்துவிடும். அவமதிப்பு அப்படிப் போவதில்லை. அது நாளையும் வரும் என்று உடல் கற்றுக்கொள்கிறது. வருமுன்னரே விழிப்பாக இருக்கிறது. முடுக்கம் தணியாமல் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும்போது இரத்தக் குழாய்கள் தடிக்கின்றன, இடுப்பில் கொழுப்பு சேர்கிறது, இன்சுலினுக்கு உடல் செவிசாய்ப்பது குறைகிறது, மெல்லிய அழற்சி நிலைத்துவிடுகிறது. இந்தத் தேய்மானச் சுமையை அளவிடும் கருத்தாக்கத்தை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் நரம்பியல் அறிஞர் புரூஸ் மெக்கீவன். கறுப்பினப் பெண்களின் உடல் வெள்ளையினப் பெண்களின் உடலைவிட விரைவாக முதுமையடைவதை 1992-இல் ஆர்லின் ஜெரோனிமஸ் வெயிலிலும் மழையிலும் சிதையும் பாறைக்கு ஒப்பிட்டுப் பெயரிட்டார். சிதைவு நடுவயதில் வெளித்தெரிகிறது, தொடங்கியது எப்போதோ.

வறுமைதான் காரணம், அவமதிப்பு அன்று என்று வாதிடுவோருக்கு லண்டனிலிருந்து ஒரு விடை உண்டு. பிரித்தானிய அரசு ஊழியர்களிடம் 1967-இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வில் எவரும் பட்டினி கிடப்பவர் அல்லர். அனைவருக்கும் நிலையான வேலையும் இலவச மருத்துவமும் இருந்தன. இருந்தும் கடைநிலை ஊழியர்கள் இதய நோயால் இறக்கும் விகிதம் உயர் அலுவலர்களைக் காட்டிலும் மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. புகைப்பழக்கம், கொழுப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பின்னும் இடைவெளியின் பெரும்பகுதி எஞ்சியது. மைக்கேல் மார்மட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 1985-இல் தொடங்கிய இரண்டாம் ஆய்வில் 35 முதல் 55 வயதுக்குட்பட்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்தபோது, தம் வேலையின் மீது தமக்கே கட்டுப்பாடு இல்லாத நிலை இதய நோயோடு தொடர்புடையதாக வெளிப்பட்டது. படிநிலையே நோய் தருகிறது. அண்ணல் அம்பேத்கர் சாதியை ஏறுவரிசை மரியாதையும் இறங்குவரிசை இழிவும் கொண்ட படிநிலைச் சமத்துவமின்மை என்று வரையறுத்ததை அறிந்தவர்களுக்கு இந்த முடிவு வியப்பளிக்காது.

தாங்கும் ஆற்றலின் விலை

ரிஃப், கோரி கீஸ், டயேன் ஹியூஸ் ஆகியோர் 2003-இல் வெளியிட்ட ஒரு கட்டுரை நமக்கு மிகவும் நெருக்கமானது. சிறுபான்மை இனத்தவரின் உளநலம் பெரும்பான்மையினரைவிடக் குறைவாக இருக்கும் என்பது பொது எதிர்பார்ப்பு. தரவு வேறாக இருந்தது. நோக்கம், வளர்ச்சி போன்ற கூறுகளில் சிறுபான்மையினர் பின்தங்கியிருக்கவில்லை. பலவற்றில் முன்னே நின்றார்கள். போராடி வாழ்வது வாழ்வுக்குப் பொருள் தருகிறது என்று இதனை வாசிக்கலாம். அம்பேத்கர் பிறந்தநாள் விழாவுக்கு இரவெல்லாம் பதாகை கட்டும் இளைஞர்களையும், பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்ப மூன்று வேலை பார்க்கும் தாய்மாரையும் பார்த்தவர்களுக்கு இதுவும் புதிதன்று. ஆனால் அதே கட்டுரை இன்னொன்றையும் சொன்னது. பாகுபாட்டை நாள்தோறும் மிகுதியாக எதிர்கொண்ட பெண்களிடம் தன்னேற்பும் தன்னாட்சியும் சூழலைக் கையாளும் உணர்வும் வளர்ச்சி உணர்வும் குலைந்திருந்தன. ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறப்பது ஒருவரை உடைப்பதில்லை; அன்றாடம் இழிவாக நடத்தப்படுவது உடைக்கிறது. அந்த அடி பெண்கள் மீது ஆழமாக விழுகிறது.

உடையாமல் நின்றவர்களின் உடலுக்கு என்ன நேர்கிறது என்பதை ஷெர்மன் ஜேம்ஸ் என்ற கறுப்பினத் தொற்றியல் அறிஞர் ஆராய்ந்தார். 1970-களின் இறுதியில் வட கரோலினாவில் அவர் ஜான் ஹென்றி மார்ட்டின் என்ற முதியவரைச் சந்தித்தார். 1907-இல் பிறந்த மார்ட்டின் வாரத்துக்கு உழும் ஏழைக் குடும்பத்தில் வளர்ந்தவர். பள்ளிப் படிப்பு பெரும்பாலும் இல்லாமலேயே எழுதப் படிக்கத் தாமே கற்றுக்கொண்டார். நாற்பது வயதுக்குள் 75 ஏக்கர் நிலத்துக்கு உரிமையாளரானார். நீண்ட காலத் தவணையில் கட்ட வேண்டிய கடனை இரவு பகலாக உழைத்து ஐந்தே ஆண்டுகளில் அடைத்தார். ஐம்பதுகளின் இறுதியில் அவருக்கு உயர் இரத்த அழுத்தமும் மூட்டுவாதமும் இருந்தன. வயிற்றுப் புண் முற்றி இரைப்பையில் ஒரு பகுதியை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. நீராவி எந்திரத்தோடு போட்டியிட்டு வென்று அந்த இடத்திலேயே இறந்த ஜான் ஹென்றி என்ற தொழிலாளியின் கதை கறுப்பின மக்களிடையே வழங்குவது. அப்பெயரையே ஜேம்ஸ் தம் கோட்பாட்டிற்குச் சூட்டினார். விடாமுயற்சி மிக்கவர்களிடம் பொருள் வளம் இருந்தால் தீங்கு குறைவு. வளமின்றி விடாமுயற்சி மட்டும் இருக்கும்போது இரத்த அழுத்தம் உயர்கிறது என்பது அவருடைய கண்டுபிடிப்பின் சாரம்.

நம் குடும்பங்களில் முதல் தலைமுறையாகப் படித்து அரசு வேலைக்கோ தனியார் நிறுவனத்துக்கோ சென்று, தம்பி தங்கைகளைக் கரையேற்றி, ஊரில் வீடு கட்டி, அலுவலகத்தில் 'ஒதுக்கீட்டில் வந்தவர்' என்ற பார்வையைப் பொய்யாக்க இருமடங்கு உழைத்து, ஐம்பதைத் தொடுமுன் மாரடைப்பில் போனவர்களை எண்ணிப் பாருங்கள். அவர்களை வெற்றிக்கதைகளாக மட்டுமே நாம் பேசுகிறோம். அண்ணலும் தம் இறுதி ஆண்டுகளில் நீரிழிவோடு போராடியபடி எழுதிக்கொண்டிருந்தவர். 65 வயதில் மறைந்தார். இயக்கத்தில் உழைப்போரின் உடல்நலம் தனிப்பட்ட விவகாரம் அன்று என்று சொல்ல இவ்வாய்வுகள் நமக்கு இடம் தருகின்றன.

இந்தியத் தரவுகளில் சாதி

நம் நாட்டில் இதைப் பற்றிய எண்கள் உண்டா? உண்டு. ஆனால் கவனமாகக் கையாள வேண்டும். தலித் பெண்கள் ஆதிக்கச் சாதிப் பெண்களைவிட 14.6 ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள் என்ற எண் நம் சுவரொட்டிகளிலும் உரைகளிலும் அடிக்கடி வருகிறது. இவ்வெண் ஐ.நா. பெண்கள் அமைப்பின் 2018-ஆம் ஆண்டு அறிக்கை வழியாகப் பரவியது. அது அளப்பது இறந்தோரின் சராசரி வயதை. வாழ்நாள் எதிர்பார்ப்பை அன்று. ஒரு சமூகத்தில் குழந்தைகளும் இளையோரும் விகிதத்தில் அதிகமாக இருந்தால், இறப்பு விகிதங்கள் சமமாகவே இருந்தாலும் இறந்தோரின் சராசரி வயது குறைவாகவே வரும். எதிர்த்தரப்பினர் இந்த ஓட்டையைக் காட்டி முழு வாதத்தையும் தள்ளிவிட முடியும். அதற்கு வாய்ப்பளிக்க வேண்டியதில்லை. ஏனெனில் உறுதியான எண் வேறு உண்டு. ஒன்பது மாநிலங்களின் இரண்டு கோடிப் பேரைப் பற்றிய தரவுகளைக் கொண்டு சங்கீதா வியாஸ், பாயல் ஹாத்தி, ஆஷிஷ் குப்தா ஆகியோர் 2022-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆதிக்கச் சாதி இந்துக்களைவிட ஆதிவாசிகளின் வாழ்நாள் நான்கு ஆண்டுகளுக்கு மேலும், தலித்துகளின் வாழ்நாள் மூன்று ஆண்டுகளுக்கு மேலும் குறைவு. பொருளாதார நிலை இந்த இடைவெளியில் பாதிக்கும் குறைவானதையே விளக்குகிறது. எஞ்சிய பாதிக்கு மேல் என்ன பெயர் வைப்பது என்பதுதான் இக்கட்டுரை முழுவதும் நாம் பேசிக்கொண்டிருப்பது.

மனநலத்தைப் பொறுத்தவரை, ஆஷிஷ் குப்தாவும் டயேன் காஃபியும் 2020-இல் வெளியிட்ட ஆய்வு உலகச் சுகாதார நிறுவனம் 2007-08-இல் ஆறு மாநிலங்களில் நடத்திய கணக்கெடுப்பைப் பயன்படுத்தியது. வருமானமும் கல்வியும் ஒத்திருந்தாலும் தலித்துகளின் மனநலம் ஆதிக்கச் சாதி இந்துக்களைவிட மோசமாக இருப்பதை அது காட்டியது. இவ்விரு ஆய்வுகளிலும் தமிழ்நாடு இல்லை. பெரியார் மண்ணில் இடைவெளி இராது என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுவதற்கு இந்த இன்மையும் வசதியாக இருக்கிறது.

தமிழ்நாட்டையும் உள்ளடக்கிய நீண்டகால ஆய்வு ஒன்று இப்போது உண்டு. மும்பை பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம், ஹார்வர்டு, தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகங்களோடு இணைந்து நடத்தும் 'லாசி' எனப்படும் இந்திய முதுமை ஆய்வு. முதற்சுற்று 2017-18-இல் நடந்தது, 72,000-க்கும் மேற்பட்டோர், வயது 45-உம் அதற்கு மேலும். அறிக்கை 2021 ஜனவரியில் வந்தது. மிடஸ் போலவே இதிலும் ஒரே மனிதர்களிடம் ஆண்டுகள் கழித்து மீண்டும் செல்வதே திட்டம். மனச்சோர்வு, வாழ்க்கை நிறைவு ஆகியவற்றைக் கேட்கிறார்கள். இரத்த அழுத்தத்தையும் கைப்பிடி வலிமையையும் நேரடியாக அளக்கிறார்கள். சாதிப் பிரிவைப் பதிவு செய்கிறார்கள். அன்றாடத்தில் மரியாதைக் குறைவாக நடத்தப்பட்டீர்களா, அதற்குக் காரணம் வயதா, பாலினமா, மதமா, சாதியா என்ற கேள்விகளும் உண்டு.

இத்தரவைத் திறக்கும் மாணவர்கள் மூன்று பொறிகளை மனத்தில் கொள்ள வேண்டும். 45 வயதில் தொடங்கும் ஆய்வு 45 வரை உயிரோடிருந்தவர்களையே காண்கிறது. நாற்பதில் இறந்த தூய்மைப் பணியாளர் அதில் இல்லை. எஞ்சியிருப்போர் ஒப்பீட்டளவில் வலுவான உடலினர். அதனால் சாதி இடைவெளி உள்ளதைவிடச் சிறியதாகத் தோன்றும். அடுத்தது, 'மருத்துவர் உங்களுக்கு இந்நோய் உள்ளதாகக் கூறியிருக்கிறாரா' என்ற கேள்வி. மருத்துவரையே பார்க்காதவருக்கு நோயே இல்லை என்று அது எண்ணிக்கொள்ளும். நோய் வசதி படைத்தவர்களிடமே மிகுதி என்ற முடிவு இப்படித்தான் பிறக்கிறது. நேரடியாக அளந்த இரத்த அழுத்தத்தை அதன் அருகில் வைத்துப் பார்த்தால்தான் கண்டறியப்படாத நோய் வெளியே வரும்.

மூன்றாவது பொறி மொழியில் இருக்கிறது. இதற்குத் திருத்தணியைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

எல்லையூரில் கேட்க வேண்டிய கேள்விகள்

அன்றாடப் பாகுபாட்டை அளக்கும் வினாத் தொகுதியை 1997-இல் டேவிட் வில்லியம்ஸும் உடன் ஆய்ந்தோரும் டெட்ராய்ட் நகரின் கறுப்பின மக்களை மனத்தில் கொண்டு வெளியிட்டனர். பிறரைவிடக் குறைந்த மரியாதையோடு நடத்தப்படுகிறீர்களா, உணவகத்தில் மோசமான சேவை கிடைக்கிறதா, உங்களை அறிவு குறைந்தவராகக் கருதுகிறார்களா, உங்களைக் கண்டு அஞ்சுவது போல் நடந்துகொள்கிறார்களா என்று அது கேட்கிறது. உலகெங்கும் இன்று இதுவே வழக்கில் உள்ளது. இதைத் தமிழில் பெயர்த்துத் திருத்தணி வட்டத்துச் சேரி ஒன்றில் கேட்டால் என்ன ஆகும்? உணவகத்தில் இன்று எவரும் தனிக்குவளை வைப்பதில்லை என்று பதில் வரலாம். நலமே. ஆனால் ஐம்பது வயதுப் பெரியவரை ஊர்த்தெருப் பள்ளிச் சிறுவன் பெயர் சொல்லி 'வா, போ' என்று அழைப்பதை எந்தக் கேள்வி பிடிக்கும்? தமிழில் 'டா'வும் தெலுங்கில் 'ரா'வும் ஒரே வேலையைச் செய்கின்றன. இருமொழி புழங்கும் இந்த எல்லையில் ஒருவர் இரு மொழிகளிலும் ஒருமையில் விளிக்கப்படுகிறார். வயதுக்கு மரியாதை என்பது நம் இரு மொழிகளின் இலக்கணத்திலேயே இருக்கும்போது, நாற்பதைக் கடந்த பின்னும் ஒருவருக்கு அது மறுக்கப்படுவது நடுவயதுக்கே உரிய காயம். இருபது வயதில் விழும் 'டா' வேறு; தம் மகனின் முன்னால் ஐம்பதில் விழும் 'டா' வேறு.

இன்னும் உண்டு. திருவிழாவில் தேர் எந்தத் தெருவோடு திரும்புகிறது, கூழ் ஊற்றும்போது யார் எங்கே நிற்கிறார்கள், முடிதிருத்தகம் எங்கே இருக்கிறது, வாடகைக்கு வீடு கேட்கும்போது முதலில் கேட்கப்படுவது எது, சவத்தைக் கொண்டு செல்ல எந்த வரப்பு. இவற்றை நேராகக் கேட்காமல் 'பாகுபாடு உண்டா' என்று பொதுவாகக் கேட்டால் 'அப்படியெல்லாம் ஒன்றுமில்லை' என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். அவமானம் நேரக்கூடிய இடங்களுக்குப் போவதையே நிறுத்திக்கொண்டவர், அவமானம் நேரவில்லை என்று உண்மையாகவே சொல்வார். போகாமல் இருப்பதற்கான அந்த ஓயாத கணக்குத்தான் உடலைத் தேய்க்கிறது. கேட்க வருபவர் எந்தச் சாதியினர், வீட்டுக்குள் வந்து அமர்ந்தாரா, கொடுத்த தண்ணீரைக் குடித்தாரா என்பவையும் விடையைத் தீர்மானிக்கும்.

எல்லை வேறொரு சிக்கலையும் தருகிறது. திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ம.பொ.சி.யின் எல்லைப் போராட்டத்தைப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. கோட்டுக்கு இருபுறமும் உறவுகள் பிரிந்துபோன சேரிகளைப் பற்றி எழுதப்பட்டது குறைவு. நகரி, புத்தூர்ப் பக்கத்துப் பெண் திருத்தணிக்கு மருமகளாக வருவது இன்றும் இயல்பு. பட்டியல் சாதிகள் மாநில வாரியாகவே அறிவிக்கப்படுகின்றன. ஒரு மாநிலத்தின் பட்டியல் தகுதி மற்றொரு மாநிலத்தில் சலுகை தராது என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் தீர்ப்பளித்தது. எனவே அப்பெண் இங்கே சேரியில் வாழ்வார். சேரிக்குரிய நடத்தையைப் பெறுவார். சான்றிதழ் மட்டும் இராது. வேலை தேடி எல்லை தாண்டுவோரையும் நீண்டகால ஆய்வுகள் எளிதில் தவறவிடுகின்றன. இரண்டாம் சுற்றில் 'முகவரியில் இல்லை' என்று குறிக்கப்படுவோரில் நம்மவர் எத்தனை பேர் என்று கேட்பது ஆய்வு முறை பற்றிய கேள்வி மட்டுமன்று.

பின்தொடர்வது முடியாத காரியமன்று என்பதற்குப் பக்கத்திலேயே சான்று உண்டு. வேலூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் 1969 முதல் 1973 வரை பிறந்த குழந்தைகளின் எடையையும் வளர்ச்சியையும் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் பதிந்து வைத்தனர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து அவர்களில் 2,218 பேரைத் தேடிக் கண்டுபிடித்து இரத்தச் சர்க்கரையைச் சோதித்தார்கள். சிறுவயதில் மெலிந்திருந்து பின்னர் எடை கூடியவர்களுக்கு நீரிழிவின் ஆபத்து அதிகம் என்று தெரிந்தது. எழுபதுகளின் பசி இரண்டாயிரங்களின் சர்க்கரையாக வந்து நின்றது. அக்குழந்தைகள் இன்று ஐம்பதைக் கடந்தவர்கள்.

மாநில அரசின் பக்கம் வருவோம். 2020-இல் நடந்த கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் உயர் இரத்த அழுத்தம் உள்ளோரில் 7.3 விழுக்காட்டினருக்கும், நீரிழிவு உள்ளோரில் 10.8 விழுக்காட்டினருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. வீட்டு வாசலுக்கே மாத்திரை வருவது உண்மையிலேயே பெரிய காரியம்; கூலியை இழந்து மருத்துவமனை வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கு அது உயிர் காக்கும் திட்டம். ஆனால் மாத்திரை எந்த வாசல் வரை வருகிறது, வாசலில் நின்று பேசுகிறார்களா, திண்ணையில் அமர்ந்து பேசுகிறார்களா என்பதும் சிகிச்சையின் பகுதியே. மாநில மக்கள்தொகையில் 20 விழுக்காடு பட்டியல் சாதியினர்; திருவள்ளூர் மாவட்டத்தில் அதைவிடவும் கூடுதல். நோய்க் கட்டுப்பாட்டு விழுக்காட்டைச் சாதி வாரியாக, தெரு வாரியாக வெளியிடக் கோருவது எளிய கோரிக்கை. தூய்மைப் பணியாளர்களுக்கும் சூளைத் தொழிலாளர்களுக்கும் நாற்பது வயதிலிருந்தே ஆண்டுதோறும் பரிசோதனை, அதன் முடிவுகளைத் தொடர்ந்து பேணும் பதிவேடு, ஒப்பந்ததாரர் மாறினாலும் அழியாத பணிக்கால வரலாறு ஆகியவை அதனோடு சேர வேண்டியவை.

கல்லூரி மாணவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. லாசியின் முதற்சுற்றுத் தரவு, பதிவு செய்து கேட்கும் ஆய்வாளர்களுக்குக் கட்டணமின்றிக் கிடைக்கிறது. மாநிலம், சாதிப் பிரிவு, அளந்த இரத்த அழுத்தம், மனச்சோர்வு மதிப்பெண், பாகுபாட்டுக்குச் சொல்லப்பட்ட காரணம் ஆகிய ஐந்து நிரல்களை மட்டும் எடுத்துத் தமிழ்நாட்டின் 45 முதல் 59 வயதினருக்கு ஓர் அட்டவணை இடுவது ஒரு முதுகலை மாணவரின் ஒரு பருவத்து வேலை. அந்த அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு, திருத்தணியைச் சுற்றிய ஐந்து தெருக்களில், மேலே சொன்ன கேள்விகளைத் தமிழிலும் தெலுங்கிலும் கேட்டு வருவது அடுத்த பருவத்துக்கு.